கையேட்டுக்காரரும் ஒரு வரிக் கம்பெனியும்

கையேட்டுக்காரர் எழுதியதை நீங்கள் கட்டாயம் கையில் பிடித்திருப்பீர்கள். படித்திருக்க மாட்டீர்கள். புது மிக்ஸி வாங்கி, பெட்டியைப் பிரித்து, தெர்மோகோலை உருவி எறிந்த பிறகு அடியில் ஒரு மடித்த காகிதம் கிடக்குமே, அதுதான். அதை ஒரு புரட்டுப் புரட்டி, உத்தரவாத அட்டை இல்லை என்று உறுதியானதும், நாலாக மடித்து, ஆடுகிற பீரோவின் காலுக்குக் கீழே சொருகியிருப்பீர்கள். முப்பது வருடமாக ஊர்ப்பட்ட பீரோக்களை ஆடாமல் நிற்க வைத்த எழுத்தாளர் அவர். இத்தனை வீட்டின் பாரத்தைத் தாங்கிய எழுத்து வேறு யாருடையதாவது உண்டா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

அந்தக் காகிதத்தில் தொழிற்சாலையின் பெயர் இருக்கும். அச்சகத்தின் பெயர்கூட ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எழுதியவர் பெயர் இருக்காது. அவர் எந்தத் தொழிற்சாலையிலும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. கையேட்டுக்கு இவ்வளவு என்று பேசி, வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதுவார். எழுதுவதற்கு முன் அந்தச் சாமானை ஒருமுறை முழுதாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பார். அதனால் மாடியறை பாதி பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கும், மீதி நேரம் கருகல் நாற்றம் அடிக்கும்.

அவர் வாக்கியங்களில் 'சிறிது நேரம்' கிடையாது. 'தேவையான அளவு' கிடையாது. 'இருபது நிமிடம் கழித்து மூடியைத் திறக்கவும்' என்றால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, இருபது தடவை சோதித்துத்தான் எழுதியிருப்பார். 'சற்றுப் பொறுத்து' என்று எழுதுகிறவனை அவர் மனுஷனாகவே மதிக்கமாட்டார். கல்யாணம் ஒன்று நடந்து நாலு வருடம் ஓடி நின்றுபோயிருந்தது. "உத்தரவாதக் காலம் முடிஞ்சுடுச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்கள் சிரிக்க வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்து முடித்திருப்பார்.

அப்பா அம்மா வைத்துவிட்டுப் போனது ஒரு வீடு. பத்திரத்தில் பாதி அவருக்கு, பாதி அக்காவுக்கு. மாடியில் அவர், கீழே அக்கா. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் துணி வெளுத்து, நீராவியில் தேய்த்து, ஓய்வு பெற்றவள். இடது முழங்கையில் பழைய தழும்பு ஒன்று பளபளவென்று இருக்கும். வலது முட்டி முழுக்கப் போய்விட்டது. மாற்றினால்தான் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓய்வுப் பணம் வங்கியில் அதற்காகத்தான் கிடந்தது. "இன்னும் கொஞ்சம் தேயட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்று அக்கா தள்ளிக்கொண்டே வந்தாள். அவள் மாடிப்படி ஏறி வருடக்கணக்காகிவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கீழிருந்து கரண்டியால் கைப்பிடிக் கம்பியைத் தட்டுவாள். அவர் இறங்கி வருவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் குக்கர்காரர் வந்து கல்லைப் போட்டார். அவரும் இதே தொழில்தான், அடுப்பு, குக்கர் வகையறாவுக்கு எழுதுகிறவர். ஒரு குக்கர் வெடித்தது. கையேட்டில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது என்று தொழிற்சாலை அவரைக் கைகாட்டியது. ஒப்பந்தத்தில் சொந்தப் பேரில் கையெழுத்துப் போட்டிருந்தார் குக்கர்காரர். வழக்கு முடிந்தபோது ஸ்கூட்டர் போயிருந்தது, மாமியார் வீட்டில் கொடுத்த மனைக்கட்டு போயிருந்தது, மனைவியின் பேச்சும் போயிருந்தது. "ஒரு வரிங்க, ஒரே ஒரு வரி" என்று அவர் போனில் அழுதபோது கையேட்டுக்காரர் மாடிப்படி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். கீழே அக்கா ரேடியோ கேட்டுக்கொண்டு முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தன் பாதி வீட்டை யாராவது எடுத்துக்கொண்டால், மறு பாதியில் அவள் எந்த முகத்தோடு குடியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். மறுநாளே ஆடிட்டரிடம் போனார்.

ஆடிட்டரின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே மிஷின் ஓடும்போதெல்லாம் மேலே மேஜை நடுங்கும். மேஜைமேல் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு மீன், அதுவும் சேர்ந்து நடுங்கும்.

"மூணு வழி இருக்கு சார்," என்றார் ஆடிட்டர். "ஒண்ணு, இப்ப இருக்கற மாதிரியே சொந்தப் பேர்ல. செலவே கிடையாது. ஆனா தொழில்ல அடி விழுந்தா உங்க முதுகுலதான் விழும். வீடு, வண்டி, கட்டில், எல்லாம் வெளிய வந்துடும்."

"ரெண்டாவது?"

"கூட்டு. கூட ஒருத்தரைச் சேத்துக்கணும். அவர் பண்ற தப்புக்கும் உங்க கட்டில் வெளிய வரும்."

"அதை எவன் சார் எடுப்பான்?"

"அண்ணன் தம்பிங்க எடுப்பாங்க. பின்னாடி பேசிக்காம இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

"மூணாவது?"

ஆடிட்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விற்க வேண்டிய சரக்கு இதுதான் என்பது தெரிந்தது. "ஒரே ஆள் கம்பெனி. சட்டப்படி அது வேற ஆள் சார், நீங்க வேற ஆள். கையெழுத்து நீங்க போட்டாலும் போட்டது அது. கடன் வாங்கினா அது, கோர்ட்டுக்குப் போனா அது. உங்க வீட்டை ஒரு பய தொட முடியாது."

கையேட்டுக்காரருக்கு இது பிடித்திருந்தது. முப்பது வருடமாகத் தன் எழுத்தைத் தொழிற்சாலைகள் எழுதியதாகத்தான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. இனி தன்னையும் ஒரு கம்பெனி எழுதியதாக நினைத்தால் என்ன குறைந்துவிடும்?

"ஒரு சின்ன விஷயம்," என்றார் ஆடிட்டர். "நீங்க போய்ட்டா கம்பெனியை யார் எடுத்துப்பாங்கன்னு ஒரு பேர் வேணும். அவங்க சம்மதக் கையெழுத்தும் வேணும். யாரு இருக்காங்க?"

"அக்கா."

"வேற?"

"அக்கா," என்றார் மறுபடியும்.

பிறகு ஆடிட்டர் இரண்டு பக்கம் தட்டச்சு செய்த தாளைத் தள்ளினார். கம்பெனியின் நோக்கம் என்ன என்று அரசாங்கத்துக்குச் சொல்லும் பகுதி. கம்பெனி என்னென்ன வேலை செய்யலாம் என்பதற்கு அதுதான் வேலி. கையேட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எழுதுதல், எழுதுவித்தல், அச்சிடுதல், மொழிபெயர்த்தல், பேசுதல், பயிற்சியளித்தல், ஏற்றுமதி, இறக்குமதி, சரக்குக் கப்பல் இயக்குதல், உள்நாட்டு மீன் வளர்த்தல், மேற்படியானவற்றுக்குத் தொடர்புள்ள, தொடர்பில்லாத பிற அனைத்தும்.

"மீன் எதுக்கு சார்?"

"எல்லா கம்பெனிக்கும் இதைத்தான் போடறோம். நாளைக்கு ஆசை வந்தா?"

"வராது."

"வராது சார். ஆனா இருந்துட்டுப் போகட்டுமே. தாள் கனக்கவா போகுது?"

இங்கேதான் மனிதர் மாட்டினார். வேறு யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே போய் ஒரு டீ குடித்திருப்பார்கள். 'தொடர்பில்லாத பிற அனைத்தும்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. முப்பது வருடம் காப்பாற்றிய கௌரவம். சிவப்புப் பேனாவை எடுத்தார். கப்பலை மூழ்கடித்தார். மீனைக் கொன்றார். ஏற்றுமதி போயிற்று, மொழிபெயர்ப்பு போயிற்று, பேசுதலும் பயிற்சியும் ஒரே கோட்டில் போயின. இரண்டு பக்கமும் ரத்தக்களரியாகி, கடைசியில் ஒரே ஒரு வரி உயிரோடு நின்றது: 'வீட்டு உபயோக மற்றும் தொழில் சாதனங்களுக்கான பயன்பாட்டுக் கையேடுகளை எழுதுதல்.'

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க," என்றார்.

ஆடிட்டர் தாளைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "உங்க கம்பெனி சார்," என்றார்.

அக்கா கையெழுத்துப் போடுமுன் தாளைக் கண்ணுக்குக் கிட்டே, தூரே என்று பிடித்துப் பார்த்தாள்.

"நீ செத்தா இது எனக்கு வருமாடா?"

"ஆமாக்கா."

"உன் பழைய இரும்பெல்லாமுமா?"

"அது என்னோடது. இது கம்பெனி."

"நீ வேற, கம்பெனி வேறயா? அப்ப சாயங்காலம் காபி கேக்கறது யாரு, நீயா அதுவா?" சிரித்துவிட்டு, பேனாவைக் காகிதத்துக்கு மேலேயே நிறுத்தினாள். "வீட்டுக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வீட்டுக்கு ஒண்ணும் வராம இருக்கத்தான்க்கா இவ்வளவும்."

அவள் போட்டாள்.

கம்பெனி பிறந்தது. மாடிப்படி அடியில் ஒரு தகரப் பலகை மாட்டினார்கள். கம்பெனி பேருக்கு வரும் கடிதங்களை அவர் தனியாக அடுக்கி வைத்தார், அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற கூச்சத்தோடு. வருடத்துக்கு ஒரு கூட்டம் நடத்திக் குறிப்பு எழுத வேண்டும் என்று சட்டம். மாடியறையில் நடத்தினார். 'தலைவர் கூட்டத்துக்கு வந்திருந்த அனைவரையும், அதாவது தலைவரை, வரவேற்றார். சென்ற ஆண்டு வேலை குறைந்ததற்குத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். தலைவரின் வருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.' இதை அக்காவிடம் படித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. "வேலை குறைஞ்சுடுச்சாடா?" என்று மட்டும் கேட்டாள்.

குறைந்துதான் போயிருந்தது. கம்ப்யூட்டரில் சாமானின் பேரைத் தட்டினால் கையேடு தானே வந்து விழுகிற காலம் வந்துவிட்டது. அதில் எல்லாம் 'சிறிது நேரம்'தான், 'தேவையான அளவு'தான். யாரும் புகார் சொல்லவில்லை, படித்தால்தானே சொல்வதற்கு. மூன்று தொழிற்சாலைகள் கைகழுவின. மிச்சம் இருந்தது ஒன்று, சலவைக் கடைகளுக்கு நீராவி இஸ்திரி மிஷின் செய்கிறவர்கள். அங்கிருந்து ஒருநாள் பயிற்சிப் பிரிவு மேடம் போன் செய்தார்.

"சார், கையேடு இனிமே வேணாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ஆனா ரிப்பேர் பாக்கற பசங்களுக்கு ஒருநாள் கிளாஸ் எடுக்கணும். மிஷினை உங்களை விட யாருக்கு சார் தெரியும்? வருஷத்துக்கு பத்து கிளாஸ். உங்க கம்பெனி பேர்லயே ஒப்பந்தம் போட்டுக்கலாம்."

ஒரு பக்க ஒப்பந்தம் வந்தது. கம்பெனி முத்திரையைக் குத்தி, இயக்குநர் என்று போட்டுக் கையெழுத்திட்டார். கம்பெனியின் நோக்கம் என்று தானே ஒரு வரி எழுதியது அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லை. பத்து கிளாஸ் என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது.

அவருக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. கீழே சமையலறையில் அக்காவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். கையேட்டையே மனப்பாடமாக ஒப்பித்தார். அக்கா கொட்டாவி விட்டாள்.

"டேய், இது கிளாஸ் எடுக்கற மாதிரி இல்ல, தண்டனை படிக்கற மாதிரி இருக்கு. பசங்க தூங்கிடுவாங்க. 'மூடியைத் திறக்கும் முன் இருபது நிமிடம்', இதை எவன் ஞாபகம் வெச்சிப்பான்? எங்க கூடத்துல யாரும் கடிகாரம் பாக்கமாட்டோம். பாய்லரை அணைச்சுட்டு டீ குடிக்கப் போவோம். டீ குடிச்சுட்டு வந்து தொறப்போம். சரியா இருக்கும்."

"டீ குடிச்சுட்டு வந்து தொறங்க. அவசரப்பட்டு நீ டீயைக் குடிக்காம விட்டா, பாய்லர் உன் கையைக் குடிக்கும்," என்று அவர் ஓர் இழுப்பு இழுத்துச் சொல்லிப் பார்த்தார்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதைச் சொல்லுடா! இதைச் சொல்லு!"

தொழிற்சாலை கேன்டீனில் முப்பது மெக்கானிக்குகள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் போன், ஒருவன் கண்ணைத் திறந்தபடியே தூங்கினான். பதினைந்து நிமிடம் கையேட்டுக்காரர் தண்டனை படித்தார். பிறகு அந்த டீ வரியை எடுத்து விட்டார். சிரிப்பு பின்வரிசையிலிருந்து கிளம்பி முன்னால் வந்து அவர் முகத்தில் அடித்தது. தூங்கியவன் விழித்துக்கொண்டு "என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு?" என்று பக்கத்தில் கேட்டான். ஐம்பத்து நாலு வயதில், தன் வாக்கியம் ஒன்று இன்னொரு மனிதனுக்குள் போய் இறங்குவதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார். அதைச் சாயங்காலம் வரை மூன்று தடவை சொன்னார். 'இருபது நிமிடம்' என்பதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பயிற்சிப் பிரிவில் யாரோ எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று வீட்டுக்கு வரும்போது அக்காவுக்கு முட்டிக்குப் போடும் நல்ல உறை ஒன்று வாங்கிவந்தார்.

பதினோரு நாள் கழித்து ஒரு சலவைக் கடையில், அன்று பின்வரிசையில் தூங்கி விழித்துக்கொண்ட அதே மெக்கானிக், பாய்லரை அணைத்தான். வாசலுக்குப் போனான். பேப்பர் கப்பில் டீ வாங்கி, நின்றபடியே நாலு மடக்கில் குடித்தான். கப்பைக் கசக்கி எறிந்தான். உள்ளே வந்து மூடியைத் திறந்தான்.

நோட்டீஸ் வந்தபோது கையேட்டுக்காரர் அதை முதலில் கம்பெனிக் கடிதங்களோடுதான் வைத்தார். பிறகு உறையைப் பார்த்தார். அதில் கம்பெனி பேர் இல்லை. அவருடைய முழுப் பெயர், அப்பா பெயர், வயது, வீட்டு விலாசம், எல்லாம் கொட்டை எழுத்தில். முப்பது வருட எழுத்து வாழ்க்கையில் அவர் பெயர் முதல்முதலாக அச்சேறியிருந்தது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

ஆடிட்டர் மேஜையில் தொட்டி இருந்தது, மீன் இல்லை. தண்ணீர் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கையேட்டுல தப்பு இருந்து இது நடந்திருந்தா, கம்பெனி தலையோட போயிருக்கும் சார். கம்பெனி கிட்ட என்ன இருக்கு, ஒரு தகரப் பலகை. எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம்," என்றார் ஆடிட்டர். "ஆனா கையேட்டுல தப்பில்ல. கிளாஸ்ல தப்பு. உங்க கம்பெனி எழுதத்தான் செய்யலாம்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. முப்பது பேர் முன்னாடி பேசறதுக்கு அதுக்கு உரிமையே இல்ல. அப்ப பேசினது யாரு?"

"கம்பெனி முத்திரை குத்தினேனே."

"இல்லாத உரிமையை இருக்குன்னு குத்தினது யாரு? அந்த ஆள்தான் பொறுப்புன்னு அவங்க வக்கீல் புடிச்சுட்டாரு. நல்ல வக்கீல்."

"இப்ப அந்த வரியை மாத்திடலாமா?"

"மாத்தலாம். இனிமே நடக்கப்போற கிளாஸுக்கு உதவும்." ஆடிட்டர் பழைய கோப்பைத் திறந்தார். சிவப்புப் பேனா பாய்ந்த இரண்டு பக்கமும் அதில் பத்திரமாக இருந்தன. "பேசுதல், பயிற்சியளித்தல். இங்கதான் சார் இருந்தாங்க ரெண்டு பேரும். நான் குத்திக் காட்டல. ஆனா இருந்தாங்க."

கையேட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். போகக்கூடாது என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார், அதனால் சொல்லாமல் போனார். மெக்கானிக்கின் வலது கை விரல்நுனியிலிருந்து முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. கழுத்தின் ஒரு பக்கம் களிம்பு. அவன் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து இடம் கொடுத்தாள், இவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரிந்தது.

"வாங்க சார்," என்றான். "டீ சார்."

அப்படித்தான் முப்பது பேரும் அவரைக் குறிப்பிட்டு வந்திருந்தார்கள் போலிருக்கிறது.

"மிஷின்ல ஒட்டியிருந்துச்சேப்பா," என்றார் அவர். "சிவப்பு எழுத்துல. இருபது நிமிஷம்னு. நான்தான் எழுதினேன்."

"அதுங்களா? அதை யாரு சார் படிப்பாங்க?" மெக்கானிக் தலையணையில் தலையைத் திருப்பிக்கொண்டான். "ஏழு வருஷமா இந்த மிஷினைத்தான் பாக்கறேன். எப்பவும் ஆறின பிறகுதான் தொறப்பேன், பயம். நீங்க சொன்னதுக்கப்புறம்தான் பயம் போச்சு. சாருக்குத் தெரியாததா, டீ குடிச்சா போதும்னு சொல்லிட்டாருன்னு."

மனைவி இப்போது இவர் யார் என்று புரிந்துகொண்டாள். கொடுத்த நாற்காலியை அவள் திரும்பக் கேட்கவில்லை. அவராகவே எழுந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நோக்க வரி, கையெழுத்து, வீட்டின் பாதி. அவள் அதையெல்லாம் தாண்டி ஒரே இடத்தில் நின்றாள்.

"டீ குடிச்சுட்டுத்தானே தொறந்தான்?"

"ரெண்டு நிமிஷத்துல குடிச்சுட்டான்க்கா. வாசல்ல நின்னுக்கிட்டே."

அக்கா வெகுநேரம் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு மணி அடிப்பாங்கடா," என்றாள். "டீக்கு ஒரு மணி. திரும்பி வர்றதுக்கு ஒரு மணி. நடுவுல இருபது நிமிஷம். முப்பத்தோரு வருஷம் அந்த மணிக்குத்தான் டீ குடிச்சேன். டீன்னா அவ்வளவு நேரம்னுதான் எனக்குத் தெரியும்." பிறகு, "நீ கேட்டிருக்கலாம்ல? எவ்வளவு நேரம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எல்லார்கிட்டயும் கேப்பியே" என்றாள்.

அவர் கேட்டிருக்கலாம். அன்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால் கேட்கவில்லை.

வழக்கு வரை போகவில்லை, சமரசம் பேசினார்கள். சமரசம் என்றால் மெக்கானிக்கின் கைக்குத் தொழிற்சாலை ஒரு பங்கும் கையேட்டுக்காரர் ஒரு பங்கும் கொடுப்பது. அவர் பங்குக்கு அவரிடம் இருந்தது பாதி வீடு. விற்றுக் கொடுக்கிறேன் என்றார். பாதி வீட்டை வாங்க வந்த ஆட்கள் மாடியைப் பார்த்துவிட்டு, கீழே உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்தார்கள், அவளும் சேர்த்தியா என்பது போல. மூன்றாவது ஆள் முட்டியைக் காட்டி, "அம்மா எவ்வளவு நாளா இப்படி இருக்காங்க?" என்று அக்கறையாக விசாரித்தான். அவன் போனதும் அக்கா கரண்டியை எடுத்துக் கம்பியைத் தட்டினாள். அவர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். இருந்தும் தட்டினாள்.

"யாரும் வரவேணாம்," என்றாள். "நான் வாங்கிக்கறேன்."

"எதை வெச்சுக்கா?"

அவள் முட்டி உறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவருக்கும் தெரியும். வங்கியில் கிடந்தது ஒன்றுதான்.

"முட்டி?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். சிரிச்சவளும் நான்தானே."

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அக்காவை இரண்டு பேர் பிடித்துப் படியேற்றினார்கள். விற்பவர் என்ற இடத்தில் தம்பி, வாங்குபவர் என்ற இடத்தில் அக்கா. இருவரின் உறவு என்ன என்று எழுத்தர் கேட்டார். சொன்னதும், "அன்பளிப்பா எழுதிட்டா செலவு கம்மியாச்சே" என்றார். இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் முத்திரைத்தாளை அடித்துக் கொடுத்துவிட்டார்.

கம்பெனியை இழுத்து மூட ஆடிட்டரிடம் போனபோது அவர் கடைசிக் கூட்டத்தின் குறிப்பு வேண்டும் என்றார். கையேட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். 'தலைவர் வந்திருந்தார். கம்பெனியைக் கலைப்பது என்று முடிவு செய்யப்பட்டது.' வேடிக்கையாக எதுவும் எழுத வரவில்லை.

"இனிமே எழுதப்போறீங்களா சார்?"

"யாராவது கேட்டா எழுதுவேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

"அப்ப சொந்தப் பேர்லயே பண்ணுங்க. ஒரு காகிதமும் வேணாம்." ஆடிட்டர் கோப்பைக் கட்டினார். "சும்மா சொல்லல சார். வீடு இல்ல, நிலம் இல்ல, வண்டி இல்ல. யார் கேஸ் போட்டாலும் எடுத்துட்டுப் போக ஒண்ணுமில்ல. நான் பாத்த வரைக்கும் இதுதான் ரொம்ப பாதுகாப்பான ஏற்பாடு."

கிண்டலா என்று கையேட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். இல்லை. மனிதர் உண்மையாகவே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் மாடியிலிருந்து இறங்கவில்லை. கீழே கரண்டிச் சத்தம் கேட்டது. முதல் நாள் மூன்று தடவை, இரண்டாம் நாள் ஒரு தடவை. எழுந்து போய் நிற்க அவருக்கு முகம் இல்லை. மூன்றாம் நாள் பிற்பகல் கரண்டி இல்லாமல் வேறு சத்தம் கேட்டது. ஒரு காலடி, பிறகு நீண்ட மூச்சு. இன்னொரு காலடி. அது என்ன என்று புரிந்து அவர் கதவுக்கு வருவதற்குள் அக்கா கடைசிப் படிக்கு வந்திருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. முட்டியில் அவர் வாங்கித் தந்த உறை.

"ஏன்க்கா ஏறின? கூப்பிட்டா வரமாட்டேனா?"

"கூப்பிட்டேனே," என்றாள்.

இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பழைய துணிக்கணக்குத் தாள், பின்பக்கம் அவள் கையெழுத்தில் நாலு வரி.

"வாடகைச் சீட்டு. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இவன் யாருன்னு எவனாவது கேப்பான். கையெழுத்து போடு."

அவர் படித்தார். 'மாடி ரூமில் என் தம்பி இருக்கிறான். இருக்கலாம். வாடகை முடிஞ்சப்ப கொடுப்பான். எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாள்.'

கை தன்னால் மேஜை இழுப்பறைக்குப் போயிற்று. சிவப்புப் பேனா அங்கேதான் இருந்தது. 'முடிஞ்சப்ப' என்பது தேதி இல்லை. 'எவ்வளவு நாள் வேணுமோ' என்பது காலவரையறை இல்லை. இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டிலும் ஒரு நிமிடம் நிற்க முடியாது. அக்கா அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இழுப்பறையை மூடிவிட்டு, அவளிடமிருந்தே நீலப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கீழே முழுப் பெயரையும் எழுதினார்.

அவள் தாளை மடித்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். பிடித்துக்கொள்ள வந்தவரைத் தள்ளிவிட்டாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குக் கொடுமை, அதனால் கம்பியைப் பிடித்தபடி திரும்பிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் காலைத் தேடித் தேடி வைத்தாள். அவர் மேலே வாசலில் நின்றார். அவள் முகம் அவரைப் பார்த்தபடியே இருந்தது, படிப்படியாகக் கீழே போயிற்று.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஆகற நேரம் ஆகும்டா," என்றாள் அக்கா, அடுத்த படியைக் காலால் துழாவிக்கொண்டே.